சிறு தொழிற்சாலைக்குத் தேய்மானக் கணக்கு: மெஷின் இறங்கும் நாளிலிருந்து மார்ச் 31 வரை

2024 செப்டம்பர் கடைசி வாரம் எங்கள் பட்டறைக்கு முதல் சிஎன்சி லேத் (கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் ஓடும் கடைசல் மெஷின்) வந்து இறங்கியது. கோவை கணபதியில் வாடகை ஷெட், இரண்டு பங்குதாரர்கள், பம்புகளுக்கு ஷாஃப்ட் கடைந்து கொடுக்கும் வேலை. 30-ஆம் தேதி மாலையே மூன்று சாம்பிள் ஷாஃப்ட் ஓட்டி மைக்ரோமீட்டரில் அளந்து பார்த்துவிட்டோம். அளவு சரியாக இருந்தது. ஆனாலும் முறையான தொடக்கத்தை ஆயுத பூஜை அன்று வைத்துக்கொள்ளலாம் என்று, கமிஷனிங் ரிப்போர்ட்டில் (மெஷினைப் பொருத்தி ஓட்டிக்காட்டியதற்கான அறிக்கை) கையெழுத்துப் போடுவதை அக்டோபர் 11 வரை தள்ளிவைத்தோம். அந்தப் பதினோரு நாள் தாமதத்தால் அந்த ஆண்டு 1,36,500 ரூபாய் வரி கூடுதலாகக் கட்ட நேர்ந்தது. எப்படி என்பதை 3-ஆம் படியில் கணக்கோடு சொல்கிறேன்.

தேய்மானம், அதாவது மெஷினின் விலையை ஆண்டுதோறும் கொஞ்சம் கொஞ்சமாகச் செலவாக எழுதுவது, மார்ச் முடிந்ததும் ஆடிட்டர் போடும் ஒரு பதிவு என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அவர் போடுவது பெருக்கல் மட்டும்தான். எந்தத் தொகையின் மேல், எந்தத் தேதியிலிருந்து, எந்தச் சொத்துப் பிரிவில் என்ற மூன்றையும் முடிவு செய்வது உங்கள் ஃபைலில் இருக்கும் காகிதங்கள். அந்தக் காகிதங்கள் மெஷின் வரும் வாரத்தில் கிடைக்கும். ஆறு மாதம் கழித்துத் தேடினால் பாதி கிடைக்காது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

கீழே உள்ள வரி விதிகள் 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டப்படி, 2025-26 நிதியாண்டு வரைக்குமானவை. 2026 ஏப்ரல் 1 முதல் புதிய சட்டம் நடைமுறைக்கு வருவதால் பிரிவு எண்களும் படிவங்களும் மாறுகின்றன. ஆகவே பிரிவு எண் எதையும் இங்கே தரவில்லை. அதன்பின் வாங்கும் மெஷினுக்கு விகிதத்தை ஆடிட்டரிடம் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

1. உங்களுக்கு எத்தனை கணக்கு என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

பிரைவேட் லிமிடெட் கம்பெனி என்றால் இரண்டு தேய்மானக் கணக்குகள் ஓடும். ஒன்று, 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டத்தின் இரண்டாம் அட்டவணைப்படி புத்தகத்தில் எழுதுவது. அங்கே பேச்செல்லாம் ஆயுள்காலம் பற்றி: இந்த மெஷின் எத்தனை ஆண்டு உழைக்கும்? இன்னொன்று வருமான வரிக்கானது. அங்கே ஆயுள் என்ற பேச்சே இல்லை, சதவீதம் மட்டும்தான். இரண்டு தொகையும் ஒத்துப்போகாது, ஒத்துப்போகவும் தேவையில்லை. அந்த வித்தியாசத்தால் வரும் ஒத்திவைத்த வரியை (பின்னாளில் கட்டவோ கழிக்கவோ வரும் வரி) ஆடிட்டர் தனியாகக் காட்டுவார்.

தனி உரிமையாளர், கூட்டு நிறுவனம் என்றால் கம்பெனிச் சட்டம் பொருந்தாது. பெரும்பாலோர் வருமான வரி விகிதத்தையே புத்தகத்திலும் எழுதிவிடுகிறார்கள். சிறிய இடத்துக்கு அது போதும். ஆனால் பீஸ் ரேட் (ஒரு உருப்படிக்கு நீங்கள் வாங்கும் விலை) கணக்குப் போடும்போது அந்த எண்ணை நம்பக்கூடாது. காரணம் 6-ஆம் படியில்.

இன்னொன்று. "இந்த வருஷம் லாபமே இல்லை, தேய்மானம் போடாமல் விட்டுவிடுவோம், அடுத்த வருஷம் போட்டுக்கொள்வோம்" என்று சிலர் சொல்வார்கள். வரிக்கணக்கில் அது நடக்காது. நீங்கள் கேட்டாலும் கேட்காவிட்டாலும் தேய்மானம் கழிக்கப்பட்டதாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும். விற்பனையில் இத்தனை சதவீதம் லாபம் என்று உத்தேசமாகக் காட்டும் திட்டத்தில் இருப்பவர்களுக்கும் இதே கதைதான்: அந்த ஆண்டுகளின் தேய்மானமும் போனதாகவே கணக்கு. பிறகு முழுக் கணக்குக்கு மாறும்போது, வாங்கிய விலையிலிருந்து தொடங்க முடியாது.

2. அடக்க விலையைக் கட்டுங்கள்: எது சேரும், எது சேராது

எங்கள் லேத்தின் கணக்கையே எடுத்துக்கொள்வோம்.

மெஷின் விலை, ஜிஎஸ்டி நீங்கலாக: 24,00,000
லாரி வாடகை: 18,000
இறக்கிவைத்த கிரேன்: 12,000
பவுண்டேஷன் சிவில் வேலை: 45,000
எரெக்ஷன், லெவலிங்: 25,000
மொத்தம்: 25,00,000

நாங்கள் முதலில் மெஷின் பில்லை மட்டும் சொத்தில் வைத்துவிட்டு, மீதி ஒரு லட்சத்தையும் அந்தந்தச் செலவுத் தலைப்பில் எழுதியிருந்தோம். பார்ப்பதற்கு அந்த ஆண்டுச் செலவு கூடி, வரி குறைவது போலத் தெரியும். தணிக்கையில் அது நிற்காது. மெஷினை ஓடும் நிலைக்குக் கொண்டுவர ஆன எந்தச் செலவும் மெஷினின் விலைதான். சோதனைக்கு வெட்டிய கம்பியின் விலைகூட அதில் சேரும். அந்தச் சாம்பிளை விற்றிருந்தால் அந்தப் பணத்தைக் கழித்துக்கொள்ள வேண்டும்.

சேராதவையும் உண்டு. ஆபரேட்டருக்குக் கொடுத்த பயிற்சிக் கட்டணம், தொடக்க நாள் பூஜைக்கு வாங்கிய பூ, பூசணிக்காய், எல்லோருக்கும் போட்ட சாப்பாடு, அலுவலகப் பொதுச் செலவில் ஒரு பங்கு என்று எதுவும் மெஷின் விலையில் ஏறாது. அவை அந்த ஆண்டின் செலவு.

ஜிஎஸ்டி விஷயத்தில் கவனமாக இருங்கள். 24 லட்சத்துக்கு 18% என்றால் 4,32,000 ரூபாய். இந்தத் தொகையை இன்புட் கிரெடிட்டாக (நீங்கள் கட்டவேண்டிய ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்வதாக) எடுத்துவிட்டால் மெஷின் விலையில் சேர்க்கக் கூடாது. விலையில் சேர்த்துத் தேய்மானம் கழித்தால் இன்புட் கிடைக்காது. இரண்டும் சேர்ந்து கிடைக்கவே கிடைக்காது. காம்போசிஷன் திட்டத்தில் (விற்பனையில் ஒரு சிறு சதவீதத்தை மட்டும் வரியாகக் கட்டும் முறை) இருப்பவருக்கு இன்புட் இல்லை என்பதால் அவருக்கு ஜிஎஸ்டியும் அடக்க விலைதான். இன்புட் எடுப்பவர்கள் விற்றவர் பில்லை ஏற்றி, உங்கள் ஜிஎஸ்டிஆர்-2பி-யில் (விற்றவர்கள் ஏற்றிய பில்களைக் காட்டும் ஜிஎஸ்டி தளப் பட்டியல்) அது வந்துவிட்டதா என்று மெஷின் வந்த மாதமே பாருங்கள். நிதியாண்டு முடிந்த பின் வரும் நவம்பர் 30 தாண்டினால் அந்த இன்புட் போய்விடும்.

ரொக்கம்: ஒரே நாளில் ஒரே ஆளுக்கு 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால், அந்தத் தொகை வரிக்கணக்கில் அடக்க விலையில் ஏறாது. பெரிய பில்லில் யாரும் ரொக்கம் கொடுக்கப் போவதில்லை. மாட்டிக்கொள்வது கிரேன்காரரிடமும் கொத்தனாரிடமும்தான். எங்கள் கிரேனுக்கு ஆன 12,000 ரூபாயும் இரவு ஒன்பது மணிக்கு ரொக்கமாகப் போயிருக்க வேண்டியது. வண்டி ஓட்டி வந்தவரே அவருடைய முதலாளியின் கணக்கு எண்ணைக் கொடுத்ததால் தப்பித்தோம். இறக்கும் நாளுக்கு முன்பே இவர்களிடம் வங்கிக் கணக்கு விவரம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கடனில் வாங்கினால் இரண்டு சந்தேகம் வரும். முதலாவது, இஎம்ஐ முடியாமல் முழு விலைக்கும் தேய்மானம் கிடைக்குமா? கிடைக்கும். முதல் தவணைதான் கட்டியிருந்தாலும் 25 லட்சத்தின் மேல்தான் கணக்கு. இரண்டாவது, வட்டி. வரிக்கணக்கில், மெஷின் ஓடத் தொடங்கும் நாள் வரைக்குமான வட்டி மெஷின் விலையில் ஏறும். அதற்குப் பிந்தைய வட்டி அந்தந்த ஆண்டுச் செலவு. எங்களுக்கு அந்த இடைவெளி சில நாள்தான் என்பதால் மேலே உள்ள கணக்கில் அதைக் காட்டவில்லை. இறக்குமதி மெஷின் மூன்று நான்கு மாதம் துறைமுகத்திலும் வழியிலும் நின்றால் அது பெரிய தொகை.

மாவட்டத் தொழில் மையம் வழியாக மூலதன மானியம் வாங்கினால், வரிக்கணக்கில் அது மெஷின் விலையிலிருந்து கழிக்கப்படும். மானியம் பெரும்பாலும் மெஷின் வந்து வெகுநாள் கழித்துத்தான் கைக்கு வரும். வந்த அன்றே ஆடிட்டருக்குச் சொல்லிவிடுங்கள். மறந்துபோய் வருமானமாகவோ, பங்குதாரர் முதலாகவோ எழுதிவைத்த கணக்குகளைத் திருத்துவது பெரும்பாடு.

இடம் வாங்கி ஷெட் கட்டுபவர்களுக்கு: நிலத்துக்குத் தேய்மானம் கிடையாது. கட்டடத்தோடு சேர்த்துக் கிரயம் செய்திருந்தால் நிலத்துக்கு எவ்வளவு, கட்டடத்துக்கு எவ்வளவு என்று பிரிக்க மதிப்பீட்டாளர் அறிக்கை வேண்டும். வாடகை ஷெட்டில் நீங்கள் சொந்தச் செலவில் தளம் போட்டாலோ மெஸனைன் கட்டினாலோ, அந்தச் செலவுக்கு நீங்களே உரிமையாளர் போலக் கட்டட விகிதத்தில் தேய்மானம் எடுக்கலாம். வாடகை ஒப்பந்தம் உயிரோடு இருக்க வேண்டும். ஈபி-க்குக் கட்டும் டெபாசிட் திரும்பி வரக்கூடிய பணம், அதற்குத் தேய்மானம் இல்லை. அதே ரசீதில் திரும்ப வராத கட்டணங்களும் இருக்கும், வரிவரியாகப் பாருங்கள்.

3. ஓடத் தொடங்கிய நாளுக்கு ஆதாரம் சேருங்கள்

நான் பணத்தை விட்டது இந்தப் படியில்தான்.

வருமான வரியில், வாங்கிய ஆண்டில் ஒரு சொத்தை 180 நாளுக்குக் குறைவாகப் பயன்படுத்தியிருந்தால் பாதி விகிதம்தான் கிடைக்கும். மார்ச் 31-லிருந்து பின்னோக்கி எண்ணினால் அந்த எல்லைக்கோடு அக்டோபர் 3-இல் விழுகிறது. பிப்ரவரிக்கு 29 நாள் வரும் நிதியாண்டில் மட்டும் அக்டோபர் 4. வாங்கிய தேதியோ பில் தேதியோ இங்கே பேசாது. பயன்பாட்டுக்குக் கொண்டுவந்த தேதிதான் பேசும்.

எங்கள் லேத் உண்மையில் செப்டம்பர் 30 அன்று ஓடியது, 183 நாள். ஃபைலில் இருந்த ஒரே காகிதம் அக்டோபர் 11 தேதியிட்ட கமிஷனிங் ரிப்போர்ட், 172 நாள். ஆடிட்டர் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "30-ஆம் தேதி ஓடிச்சுன்னு காட்ட என்ன இருக்கு?" மூன்று சாம்பிளையும் பார்ட்டி எடுத்துப் போய்விட்டார், டெலிவரி சலான் போடவில்லை, அளந்த அளவைச் சிகரெட் அட்டையில் குறித்திருந்தார் ஃபோர்மேன். அதுவும் குப்பைக்குப் போய்விட்டது.

இப்போது கணக்கு. பொதுவான மெஷினரிக்கு 15%. உற்பத்தித் தொழிலில் புதிய மெஷின் என்றால் முதல் ஆண்டு கூடுதல் தேய்மானம் 20%. 180 நாள் இருந்திருந்தால் 25 லட்சத்துக்கு 3,75,000 + 5,00,000 = 8,75,000. எங்களுக்குக் கிடைத்தது அதில் பாதி, 4,37,500. கூட்டு நிறுவனத்துக்கு வரி 30%, அதன்மேல் செஸ் 4%, ஆக 31.2%. விட்டுப்போன 4,37,500-க்கு வரி 1,36,500 ரூபாய்.

இந்தப் பணம் ஒரேயடியாகப் போய்விடுவதில்லை. பின்வரும் ஆண்டுகளில் கழித்துக்கொள்ளலாம். ஆனால் இஎம்ஐ தொடங்கிய முதல் ஆண்டில் ஒன்றேகால் லட்சத்துக்கு மேல் கையைவிட்டுப் போவது சிறு பட்டறைக்கு எவ்வளவு இறுக்கம் என்று நடத்துபவர்களுக்குத் தெரியும். பாதி கிடைத்தவர்கள் மறக்கக்கூடாதது: கூடுதல் தேய்மானத்தின் மீதி 10%, எங்கள் கணக்கில் 2,50,000, அடுத்த ஆண்டு கிடைக்கும். தானாக வராது, கேட்டு எழுதவேண்டும். ஆடிட்டரை மாற்றியவர்கள் இதைத்தான் தவறவிடுகிறார்கள்.

ஆயுத பூஜை பெரும்பாலும் இந்த எல்லைக்கோட்டை ஒட்டித்தான் வரும். 2024-இல் அக்டோபர் 11, 2025-இல் அக்டோபர் 1. நல்ல நாள் பார்ப்பதை விடச் சொல்லவில்லை. பூஜையை அன்றைக்கே வையுங்கள். காகிதத்தை மட்டும் மெஷின் ஓடிய நாளிலேயே முடியுங்கள். பழைய தேதி போட்டு எழுதச் சொல்லவில்லை என்பதையும் அழுத்திச் சொல்கிறேன். அது பொய் ஆவணம், கமிஷனிங் செய்ய வந்த இன்ஜினியரின் பயணச் சீட்டே காட்டிக்கொடுத்துவிடும். உண்மையில் ஓடிய நாளை அன்றே எழுதிவைப்பது மட்டும்தான் வேண்டியது. முழு உற்பத்தி தொடங்கவேண்டும் என்பதில்லை. சோதனை ஓட்டமும் பயன்பாடாக ஏற்கப்பட்டிருக்கிறது. ஆனால் ஓடியதற்குச் சான்று வேண்டும்.

மெஷின் வந்த வாரத்தில் ஒரு தனி ஃபைல் போட்டு இவற்றை வையுங்கள்:

- பர்ச்சேஸ் ஆர்டர், இன்வாய்ஸ், ஈ-வே பில்
- லாரி ரசீது, கிரேன் பில், சிவில் வேலை பில், ஒவ்வொன்றுக்கும் வங்கிப் பரிமாற்ற எண்
- எரெக்ஷன், கமிஷனிங் ரிப்போர்ட்: மெஷின் சீரியல் எண், தேதி, இரு தரப்புக் கையெழுத்து
- முதல் ஜாப் கார்டு, முதல் பீஸ் அளவு அறிக்கை
- சாம்பிள் வெளியே போன டெலிவரி சலான்
- மெஷினின் பெயர்த்தகடும் ஓடும் ஸ்பிண்டிலும் தெரியும்படி தேதியோடு ஒரு படம்
- கடன் அனுமதிக் கடிதம், காப்பீட்டுப் பாலிசி

கம்பெனிச் சட்டக் கணக்கில் இந்தப் பாதி விகிதம் கிடையாது. மெஷின் பயன்பாட்டுக்குத் தயாரான நாளிலிருந்து நாள் கணக்கில் வரும். அங்கேயும் தேதிதான் முக்கியம், ஆனால் ஒரு நாள் தவறினால் ஒரு நாள் தொகைதான் போகும்.

4. கூடுதல் தேய்மானம் உங்களுக்கு உண்டா?

எல்லோருக்கும் இல்லை. தனிநபராக இருந்து புதிய வரி முறையில் வரி கட்டுகிறீர்கள் என்றால் இந்த 20% கிடையாது. இப்போது அந்த முறைதான் இயல்புநிலை என்பதால் தனி உரிமையாளர்கள் இதைக் கவனிக்கவேண்டும். 22% சலுகை வரியைத் தேர்ந்த கம்பெனிக்கும் இல்லை. கூட்டு நிறுவனங்களுக்குப் புதிய முறையே பொருந்தாது, ஆகவே அவர்களுக்கு உண்டு. செகண்ட்ஹேண்ட் மெஷின், அலுவலக அறையில் வைக்கும் சாதனங்கள், சாலையில் ஓடும் வண்டிகள் ஆகியவற்றுக்கு யாருக்கும் இல்லை.

பழைய மெஷின் வாங்குபவர்கள் கோவையில் நிறைய. பில் தராத இடத்தில் வாங்காதீர்கள். தனியாரிடம் வாங்கினால் விற்பனை ஒப்பந்தம், வங்கியில் பணம் போனதற்கான சான்று, சார்ட்டர்ட் இன்ஜினியரின் மதிப்புச் சான்று மூன்றும் வேண்டும். எங்கள் பழைய மில்லிங் மெஷினுக்கு அந்தச் சான்று வாங்க 6,000 ரூபாய் ஆனது, வந்து பார்த்து நான்கு நாளில் கொடுத்தார்கள்.

5. விகிதமும் ஆயுளும்

வருமான வரியில் அடிக்கடி வருபவை: தொழிற்சாலைக் கட்டடம் 10%, ஃபர்னிச்சரும் மின் பொருத்துதல்களும் 10%, பொதுவான மெஷினரி 15%, கம்ப்யூட்டரும் சாஃப்ட்வேரும் 40%, ரப்பர், பிளாஸ்டிக் தொழிற்சாலையின் மோல்டு 30%. மாசுக் கட்டுப்பாட்டுக் கருவிகள் சிலவற்றுக்கு 40% உண்டு. சாயப்பட்டறை நடத்துபவர்கள் பட்டியலைப் பார்த்து அந்தக் கருவிகளைத் தனியாகப் பில் போட்டு வாங்கவேண்டும். மொத்த ஒப்பந்தமாக ஒரே பில் வாங்கினால் பிரிப்பது கஷ்டம்.

மின்வேலையில் குழப்பம் வரும். ஃபேன், லைட், பொது வயரிங் எல்லாம் 10%. மெஷினுக்கென்றே இழுத்த கேபிளும் பேனலும் ஸ்டெபிலைசரும் மெஷினோடு 15%-இல் சேரும். எலக்ட்ரீஷியனிடம் இரண்டுக்கும் இரண்டு பில் கேளுங்கள்.

கம்பெனிச் சட்டத்தில் ஆயுள்: தொழிற்சாலைக் கட்டடம் 30 ஆண்டு, பொதுவான மெஷினரி 15, தொடர் ஓட்ட ஆலை 25, மின் நிறுவல்கள் 10, ஃபர்னிச்சர் 10, அலுவலகச் சாதனம் 5, சர்வர் 6, மேசைக் கணினியும் லேப்டாப்பும் 3. கடைசியில் மிஞ்சும் மதிப்பு வழக்கமாக 5%-க்கு மேல் போகக்கூடாது.

அங்கே ஒரு மெஷினின் பெரிய பாகம் வேறு ஆயுள் கொண்டதாக இருந்தால் அதைத் தனியாகப் பிரித்துத் தேய்மானம் போட வேண்டும். ஃபர்னஸ் வைத்திருப்பவர்களுக்கு உள் செங்கல் பூச்சு நல்ல உதாரணம்: உடல் பல ஆண்டு நிற்கும், பூச்சு சீக்கிரம் போகும். லேத்துக்கு நாங்கள் அவ்வளவு தூரம் போகவில்லை.

6. கணக்கைப் போடுங்கள், பீஸ் ரேட்டிலும் ஏற்றுங்கள்

அதே லேத்தை ஒரு கம்பெனி நேர்கோட்டு முறையில் (ஆண்டுதோறும் ஒரே தொகை) எழுதினால்: 25,00,000-இல் 5% போக 23,75,000. பதினைந்தால் வகுத்தால் ஆண்டுக்கு 1,58,333. அக்டோபர் 1 முதல் மார்ச் 31 வரை 182 நாள் என்றால் முதல் ஆண்டுக்கு 78,950 ரூபாய். இரண்டு ஷிப்ட் ஓடிய காலத்துக்கு 50% கூடுதல், மூன்று ஷிப்ட் என்றால் 100% கூடுதல். ஷிப்ட் ரிஜிஸ்டர் இதற்குத்தான் ஆதாரம். வருகைப் பதிவேட்டோடு அது பொருந்தவேண்டும்.

டேலியில் எஃப்7 அழுத்தி ஜர்னல் போடுவது எளிது: தேய்மானச் செலவு பற்று, திரண்ட தேய்மானம் வரவு. சொத்துக் கணக்கிலேயே நேராகக் கழித்து எழுதாமல் திரண்ட தேய்மானத்துக்குத் தனி லெட்ஜர் வையுங்கள். வாங்கிய விலை எப்போதும் கண்ணில் படவேண்டும்.

இனி நான் மிகவும் முக்கியமாக நினைப்பது. தொழிற்சாலை மெஷினின் தேய்மானம் உற்பத்திச் செலவில் சேரும். மார்ச் 31-இல் தரையில் கிடக்கும் முடிந்த பொருள், பாதி முடிந்த பொருள் இரண்டின் மதிப்பிலும் அதன் பங்கு ஏறவேண்டும். அதைவிட முக்கியம், கொட்டேஷனில் ஏறவேண்டும். ஆண்டுக்கு 300 நாள், நாளுக்கு 8 மணி என்றால் 2,400 மணி நேரம். 1,58,333-ஐ வகுத்தால் மணிக்கு 66 ரூபாய். ஆனால் உங்கள் லேத் பதினைந்து ஆண்டு துல்லியமாக உழைக்காது, பத்து ஆண்டில் மாற்றிவிடுவீர்கள் என்று நினைத்தால் ஆண்டுக்கு 2,37,500, மணிக்கு 99 ரூபாய். ஒரு ஷாஃப்டுக்கு ஆறு நிமிடம் பிடித்தால் 6.60 ரூபாய்க்கும் 9.90 ரூபாய்க்கும் உள்ள வித்தியாசம். வரி விகிதம் ஆண்டுதோறும் மீதி மதிப்பின் மேல் என்பதால் தொகை குறைந்துகொண்டே வரும். அதில் முதல் ஆண்டு எண்ணைப் போட்டால் ரேட் எக்கச்சக்கமாக ஏறி ஆர்டர் போய்விடும். ஐந்தாம் ஆண்டு எண்ணைப் போட்டால் நஷ்டத்தில் ஓட்டுவீர்கள். வரிக்கு ஒரு கணக்கு, விலைக்கு ஒரு கணக்கு என்று பிரித்து வையுங்கள். இஎம்ஐ கட்ட முடிகிறது, ஆகவே லாபம் வருகிறது என்று நம்பி, மெஷின் தேய்ந்தபோது மாற்றப் பணம் இல்லாமல் நின்ற பட்டறைகளை எங்கள் தெருவிலேயே பார்த்திருக்கிறேன்.

7. சொத்துப் பதிவேடும் தகடும்

ஒவ்வொரு சொத்துக்கும் ஒரு வரிசை: எண், பெயர், சீரியல் எண், இருக்கும் இடம், விற்றவர், பில் எண், தேதி, ஓடத் தொடங்கிய தேதி, அடக்க விலை, பிரிவு, விகிதம், ஆண்டுவாரித் தேய்மானம், மீதி மதிப்பு. எக்செல் போதும். மெஷினில் அந்த எண்ணைப் பொறித்த அலுமினியத் தகட்டை ரிவெட் அடியுங்கள். கூலன்ட் பட்டால் ஸ்டிக்கர் ஒரு மாதம்கூடத் தாங்காது. நாற்பது தகடு 1,400 ரூபாயில் முடிந்தது. பழைய பில் தேடிப் பதிவேடு எழுத எங்களுக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமை பிடித்தது. ஆண்டுக்கு ஒருமுறை, மார்ச் கடைசியில் ஸ்டாக் எடுக்கும்போதே, பதிவேட்டை கையில் வைத்துக்கொண்டு சொத்துகளையும் எண்ணிவிடுங்கள்.

வேலைக்கு வெளியே கொடுத்த டை, ஜிக், ஃபிக்சர் எல்லாம் "இருக்கும் இடம்" என்ற கட்டத்தில் வரவேண்டும். அவை காணாமல் போவதுதான் அதிகம்.

8. பழுதா, புதிய சொத்தா?

பெல்ட், பேரிங், ஆயில், சென்சார் மாற்றினால் பழுதுச் செலவு. மெஷின் முன்பு செய்த வேலையையே தொடர்ந்து செய்ய ஆன செலவு அது. நான்காவது அச்சு பொருத்தினால், பார் ஃபீடர் சேர்த்தால், பழைய கன்ட்ரோலரை எடுத்துப் புதியது போட்டுத் திறன் கூட்டினால் சொத்தில் ஏறும். ஸ்பிண்டிலை மொத்தமாக மாற்றுவது இரண்டுக்கும் நடுவே நிற்கும். சர்வீஸ் இன்ஜினியரின் அறிக்கையில் "பழைய நிலைக்குக் கொண்டுவரப்பட்டது" என்றிருக்கிறதா, "மேம்படுத்தப்பட்டது" என்றிருக்கிறதா என்று பாருங்கள். பில்லில் வெறுமனே "சர்வீஸ்" என்று எழுதவிடாதீர்கள்.

9. விற்கும்போது

வருமான வரியில் ஒரே விகிதமுள்ள மெஷின்கள் எல்லாம் ஒரே தொகுப்பு. தொகுப்பின் மீதி 12 லட்சம், பழைய லேத்தை 2 லட்சத்துக்கு விற்றீர்கள் என்றால், 10 லட்சத்துக்கு 15% கணக்கிடவேண்டியதுதான். அந்த ஒரு லேத்தின் லாப நஷ்டம் தனியாக வராது. விற்ற தொகை தொகுப்பின் மீதியைத் தாண்டினாலோ, தொகுப்பில் இருந்த எல்லாவற்றையும் விற்றுவிட்டாலோதான் குறுகிய கால மூலதன ஆதாயமோ நஷ்டமோ வரும். கம்பெனிப் புத்தகத்தில் நேர்மாறு: ஒவ்வொரு மெஷினுக்கும் தனித்தனி லாப நஷ்டம்.

ஜிஎஸ்டியில் மறைந்திருக்கும் பள்ளம் ஒன்று உண்டு. இன்புட் எடுத்த மெஷினை விற்றால், எடுத்த இன்புட்டில் ஒவ்வொரு காலாண்டுக்கும் 5% கழித்து மிஞ்சும் தொகை ஒருபக்கம், விற்ற விலைக்கான வரி மறுபக்கம். எது அதிகமோ அதைக் கட்டவேண்டும். வாங்கி இரண்டு ஆண்டிலேயே அடிமாட்டு விலைக்குத் தள்ளினால் இது வலிக்கும். டை, மோல்டு, ஜிக், ஃபிக்சரை ஸ்கிராப்பாகப் போடும்போது மட்டும் விற்ற விலைக்கான வரி போதும்.

10. எப்போது எதைச் செய்வது

மெஷின் வாங்கத் திட்டமிட்டால் டெலிவரியை ஆகஸ்டுக்குள் கேளுங்கள். செப்டம்பர் 20-க்கு மேல் என்றால் எரெக்ஷன் தாமதம் உங்களை அக்டோபர் 3-க்கு அந்தப் பக்கம் தள்ளிவிடும். மார்ச் கடைசியில் வாங்குபவர்களும் பில்லோடு நிற்காமல் 31-க்குள் ஓட்டிக்காட்டினால்தான் பாதியாவது கிடைக்கும். பெட்டியைப் பிரிக்காத மெஷினுக்கு அந்த ஆண்டு ஒன்றுமில்லை.

ஏப்ரலில் பதிவேட்டையும் புதிய சொத்துகளின் ஃபைல்களையும் ஆடிட்டரிடம் கொடுத்துவிடுங்கள். தணிக்கை உள்ளவர்களுக்கு அறிக்கைக்கு செப்டம்பர் 30, ரிட்டனுக்கு அக்டோபர் 31 என்பது வழக்கமான கெடு. செப்டம்பரில் கொண்டுபோனால் உங்கள் பில்களைப் பிரித்துப் பார்க்க அவருக்கு நேரமிருக்காது.

அப்புறம் இரண்டு இடங்களில் இந்த எண்கள் மறுபடி வரும். உத்யம் பதிவில் (குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான அரசுப் பதிவு) மெஷினரி முதலீடு என்பது ரிட்டனில் காட்டிய தேய்மானம் போக மீதி மதிப்பு. 2025 ஏப்ரல் 1 முதல் குறுந்தொழிலுக்கு உச்சவரம்பு முதலீடு 2.5 கோடி, விற்பனை 10 கோடி. வாங்கிய விலையைப் பார்த்து வரம்பைத் தாண்டிவிட்டோம் என்று பயப்பட வேண்டாம். காப்பீட்டில் இதற்கு எதிராக நடந்துகொள்ளுங்கள். புத்தகத்தில் 16 லட்சமாகத் தேய்ந்திருக்கும் லேத்தை 16 லட்சத்துக்குக் காப்பீடு செய்யாதீர்கள். அது எரிந்துபோனால் புதிது வாங்க இன்றைக்கு என்ன விலையோ, அந்த விலைக்குச் செய்யுங்கள். ஒவ்வொரு புதுப்பித்தலுக்கு முன்பும் விற்பனையாளரிடம் ஒரு கொட்டேஷன் வாங்கி அந்த மெஷின் ஃபைலிலேயே வைத்துவிடுங்கள்.